பயன்பாட்டுச் சோதனை: ஆள் வருவதற்கு முன்பிருந்து அறிக்கைக்குப் பின்வரை

நாம் உருவாக்கிய செயலியை, அதை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான் பயன்பாட்டுச் சோதனை. இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒழுங்கான முன்தயாரிப்பும் வாயைக் கட்டும் பழக்கமும் போதும். முதலாவது சில நாட்களில் வந்துவிடும். இரண்டாவது வர நாளாகும்.

புதியவர்கள் நடத்திய அமர்வுகள் பலவற்றில் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என்னுடைய தொடக்க கால அமர்வுகளின் பதிவுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பார்த்திருக்கிறேன். விழும் இடங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அந்த இடங்களில் நின்று பேசுகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முந்தையது முடியாமல் அடுத்தது நிற்காது.

1. கேள்வியை எழுதுங்கள்

"எங்கள் செயலி எளிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று வருபவர்கள் உண்டு. அது கேள்வி அல்ல, ஆசை. அதை வைத்துக்கொண்டு யாரை அழைப்பது, என்ன வேலை கொடுப்பது என்று தீர்மானிக்கவே முடியாது.

கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "முதன்முறை வருபவர், யார் உதவியும் இல்லாமல், மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்துவிடுகிறாரா? இல்லையென்றால் எந்தத் திரையில் நின்றுபோகிறார்?" இந்த வழிகாட்டி முழுக்க இந்த மருத்துவ நேரப் பதிவுச் செயலியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நான் வேலை செய்த ஒரு திட்டம்தான் அது.

கேள்விகளை எழுதியபின் ஒவ்வொன்றின் எதிரிலும் இதை எழுதுங்கள்: விடை "இல்லை" என்று வந்தால் எதை மாற்றுவோம்? எதிரில் எழுத ஒன்றும் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். மாற்றவே முடியாத ஒன்றைச் சோதித்துப் பயனில்லை. மூன்று கேள்விகளுக்கு மேல் மிஞ்சினால் அவற்றை இரண்டு சோதனைகளாகப் பிரியுங்கள்.

இந்தத் தாளை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் காட்டினால், "நாங்கள் தெரிந்துகொள்ள நினைத்தது இது இல்லையே" என்பார். அப்போது அவர் மேல் கோபப்பட்டுப் பலனில்லை.

இன்னொன்று: மக்கள் இதை வாங்குவார்களா, இரண்டு நிறங்களில் எது அதிகம் விற்கும் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை விடை தராது. ஐந்தாறு பேரைக் கவனித்தால் எங்கே, ஏன் தடுக்குகிறது என்று தெரியும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது தெரியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

- சோதிக்கப்படும் செயலி, அல்லது அழுத்தினால் அடுத்த திரைக்குப் போகும் அளவுக்காவது வேலை செய்யும் மாதிரி
- சோதனைக்கென்றே உருவாக்கிய கணக்குகள், ஆளுக்கு ஒன்று
- திரையையும் குரலையும் பதிவு செய்யும் வசதி
- ஒப்புதல் படிவம்
- பணிகள் எழுதிய தாள்கள், ஒரு தாளுக்கு ஒரு பணி
- நடத்துபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர்

ஆளுக்கு ஒரு கணக்கு என்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். முதல் ஆள் உள்ளிட்ட பெயரும் முகவரியும் இரண்டாவது ஆளின் திரையில் தானாக வந்து நின்றால், அவர் நிரப்ப வேண்டிய படிவத்தை இயந்திரமே நிரப்பிவிடுகிறது. நாம் பார்க்க வந்தது அந்தப் படிவத்தைத்தான். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் உலாவியின் நினைவை அழித்துவிடுங்கள்.

ஒரே ஆள் நடத்திக்கொண்டே குறிப்பும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். குனிந்து எழுதும்போது எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. அதோடு, நீங்கள் எழுதத் தொடங்கியதுமே "தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது" என்று அவர் நினைத்துக்கொள்வார்.

3. ஆட்களை அழைத்தல்

அடுத்த மேசையில் இருக்கும் சக ஊழியர் வேண்டாம். அவருக்கு உள்வீட்டுச் சொற்கள் தெரியும். "ஸ்லாட்" என்று திரையில் இருந்தால் அது என்னவென்று அவர் யோசிக்கவே மாட்டார். நாம் தேடுவது அந்த யோசனையைத்தான்.

வயது, பாலினம், படிப்பு என்று பட்டியல் போடுவதைவிட நடத்தையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டும் கேள்வியில் விடை ஒளிந்திருக்கக் கூடாது. "இணையத்தில் நேரம் பதிவு செய்யும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், வர விரும்புகிறவர் "உண்டு" என்றுதான் சொல்வார். "கடைசியாக மருத்துவரைப் பார்க்கப் போனபோது நேரம் எப்படி வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாததால் நடந்ததையே சொல்வார்.

எத்தனை பேர் என்ற கேள்வி எப்போதும் வரும். "ஐந்து பேர் போதும்" என்ற வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம். அது எதை நம்பி நிற்கிறது என்பதுதான் தெரிவதில்லை. பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு அது. அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு பயனர் ஒரு குறையில் சிக்கும் வாய்ப்பு சராசரியாக 31%. அப்படியானால் ஐந்து பேரும் அதில் சிக்காமல் தப்பும் வாய்ப்பு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, சுமார் 16%. மீதி 84% சொச்சம்தான் "ஐந்து பேரில் 85% குறைகள் தெரிந்துவிடும்" என்று உலவுகிறது.

பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தொந்தரவு செய்யும் குறையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஐந்து பேரில் அது ஒருமுறையாவது கண்ணில் படும் வாய்ப்பு 41% மட்டுமே. அதை 85% ஆக்க 18 பேர் வேண்டும். ஆகவே ஐந்து பேர் போதும் என்பது பெரிய பள்ளங்களைக் கண்டுபிடிக்கத்தான். "குறைகளே இல்லை" என்று சான்றிதழ் கொடுக்க அல்ல.

என் பழக்கம் இது: ஒரு வகைப் பயனருக்கு ஐந்து பேர், வராமல் போவதற்காக ஒருவர் கூடுதல். நேரம் பதிவு செய்யும் நோயாளியும், அந்தப் பதிவுகளைக் கையாளும் வரவேற்பாளரும் இரண்டு வகை. அவர்களைக் கலந்து ஐந்து என்று எண்ணக் கூடாது. வருவதாகச் சொன்னவருக்கு முந்தைய நாள் நினைவூட்டுங்கள். நேரத்துக்கு ஈடாக ஏதேனும் கொடுப்பதாக இருந்தால், பணியை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது தேர்வெழுதுவது போல் ஆகிவிடும்.

4. பணிகளை எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். புதியவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் இடமும் இதுதான்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

"'முன்பதிவு' பொத்தானை அழுத்தி, கண் மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைக்குப் பதிவு செய்யுங்கள்."

இது பணி அல்ல, வழிகாட்டிக் குறிப்பு. "முன்பதிவு" என்ற சொல்லைத் தாளில் படித்தவர் திரையில் அதே எழுத்துகளைத் தேடுவார். கண்டுபிடித்தும் விடுவார். அந்தச் சொல் அவருக்குப் புரிந்ததா, பொத்தான் சரியான இடத்தில் இருந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நாங்கள் அதை இப்படி மாற்றினோம்:

"உங்கள் அப்பாவுக்குச் சில நாட்களாகப் பார்வை மங்கலாக இருக்கிறது. வேலை நாட்களில் உங்களால் அழைத்துப் போக முடியாது. அவர் மருத்துவரைப் பார்க்க இந்தச் செயலியில் ஏற்பாடு செய்யுங்கள்."

திரையில் உள்ள சொல் எதுவும் இதில் இல்லை. எந்த மருத்துவர் என்பதைப் பயனரே தீர்மானிக்க வேண்டும். எந்த நாள் என்பதை நிபந்தனையிலிருந்து அவரே கண்டுபிடிக்க வேண்டும். "அப்பாவுக்கு" என்ற ஒரு சொல் வேறொரு காரியமும் செய்தது. செயலியை வைத்திருப்பவரே நோயாளி என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொருவர் பெயரை எழுத அதில் இடமே இல்லை. முதல் ஆளே கேட்டார்: "இதில் அவர் பெயரை எங்கே போடுவது?" பல மாதம் அந்தத் திரைகளைப் பார்த்தும் எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பணியிலும் ஒரு பிழை இருந்தது. மூன்றாவதாக வந்தவர் தாளைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது" என்றார். அன்று மதியமே தாளை மாற்றினோம்: "உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு." யார் என்பதை வருபவரே மனதில் வைத்துக்கொள்ளட்டும். உடல்நலம், கடன், உறவு ஆகியவற்றைத் தொடும் பணிகளில் இந்த எச்சரிக்கை எப்போதும் வேண்டும்.

பணியோடு, அது முடிந்ததாக எப்போது கொள்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். "உறுதிப்படுத்தும் திரை வந்து, அதில் நாளும் நேரமும் தெரிய வேண்டும்" என்பது போல. பங்கேற்பாளருக்கு அதைக் காட்டாதீர்கள். வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும்போது "முடிந்தது" என்று சொல்லச் சொல்லுங்கள். சிலர் உறுதிப்படுத்தும் திரைக்கு முந்தைய திரையிலேயே "முடிந்தது" என்பார்கள். முடியவில்லை என்று தெரிந்தவர் தொலைபேசியில் அழைத்தாவது நேரம் வாங்கிக்கொள்வார். முடிந்துவிட்டதாக நம்புகிறவர் பதிவே இல்லாமல் கிளம்பிப் போய் வரவேற்பறையில் நிற்பார். இந்தப் பொய்யான நிறைவை வெறும் தோல்வியைவிடக் கடுமையானதாகக் குறியுங்கள்.

ஒரு மணி நேர அமர்வுக்கு நான்கைந்து பணிகள் போதும். எளிதானதை முதலில் வையுங்கள், பதற்றம் தணியும். ஒரு பணியில் கற்றது அடுத்ததற்கு உதவும் என்பதால், ஒன்றையொன்று சாராத பணிகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால், கடைசிப் பணி எப்போதும் நல்லபடியாக முடிவது போன்ற ஒரு மாயை உண்டாகும்.

5. வெள்ளோட்டம்

உண்மையான அமர்வுகளுக்கு ஒரு நாள் முன்பாவது, முழு அமர்வையும் ஒருவரோடு நடத்திப் பாருங்கள். இதற்கு மட்டும் சக ஊழியர் பரவாயில்லை, ஆனால் திட்டத்தில் இல்லாதவராக இருக்கட்டும். இங்கே சோதிக்கப்படுவது செயலி அல்ல, உங்கள் சோதனை.

வெள்ளோட்டத்தில் நான் பார்த்தவை: இரண்டாவது பணி முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது; திரைப்பதிவில் குரல் பதியவில்லை; மாதிரியில் "பின்செல்" பொத்தான் இணைக்கப்படவே இல்லை. மூன்றும் சரிசெய்யக்கூடியவை. அடுத்த நாள் வந்திருந்தால் மூன்று பேரின் அமர்வு வீணாகியிருக்கும். ஒரு நாள் இடைவெளி சொல்வதும் இதனால்தான். வெள்ளோட்டத்தை அன்று காலையிலேயே வைத்தால், கண்ட பிழைகளைத் திருத்த நேரம் இருக்காது.

6. முதல் ஐந்து நிமிடம்

வந்தவர் பெரும்பாலும் தன்னைச் சோதிக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் உட்காருகிறார். அதைக் கலைப்பதுதான் உங்கள் முதல் வேலை. நான் சொல்வது கிட்டத்தட்ட இது. தாளைப் பார்த்தே படிப்பேன். எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக.

"நாங்கள் சோதிப்பது இந்தச் செயலியை, உங்களை அல்ல. எங்காவது நின்றுபோனால் அது நாங்கள் திருத்த வேண்டிய இடம். இதை வடிவமைத்தது நான் இல்லை. அதனால் என்ன சொன்னாலும் என் மனம் நோகாது. செய்துகொண்டிருக்கும்போது, மனதில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் ஏதாவது கேட்டால் சில நேரம் பதில் சொல்ல மாட்டேன். நான் பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்."

நீங்களே வடிவமைத்திருந்தால் அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லாதீர்கள், பொய்யாகிவிடும். முடிந்தால் வேறொருவரை நடத்தச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி அடுத்தவர் குறை சொல்லும்போது முகம் மாறாமல் இருப்பது மிகச் சிலருக்கே கைகூடும்.

பதிவு செய்யப் போகிறோம், யாரெல்லாம் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைச் சொல்லி, ஒப்புதலில் கையெழுத்து வாங்கியபின் பதிவைத் தொடங்குங்கள். அவருடைய சொந்தத் தொலைபேசியில் சோதிப்பதாக இருந்தால் அறிவிப்புகளை அணைக்கச் சொல்லுங்கள். தனிப்பட்ட செய்தி ஒன்று திரையில் மின்னி மறைந்தால், பதிவிலும் அது நிற்கும்.

வாய்விட்டுப் பேசுவது யாருக்கும் இயல்பாக வராது. பணிக்குத் தொடர்பில்லாத ஒன்றை, உதாரணமாகக் கடிகாரத்தில் அலாரம் வைப்பதை, நீங்கள் பேசிக்கொண்டே செய்து காட்டுங்கள். சொல்லிக்கொடுப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

7. பேசாமல் இருத்தல்

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் நிரப்பிவிட்டார். கீழே "அடுத்து" பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்துகிறார். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். "என் விரல் ஈரமாக இருக்கிறது போலிருக்கிறது" என்று சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொள்கிறார். மறுபடி அழுத்துகிறார்.

பிறந்த ஆண்டை அவர் இரண்டு இலக்கத்தில் போட்டிருந்தார். செயலிக்கு நான்கு இலக்கம் வேண்டும். அதைச் சொல்லும் செய்தி எங்கும் இல்லை.

அன்று நடத்திக்கொண்டிருந்தவர் புதியவர், நல்ல மனிதர். தாங்க முடியாமல் முன்னால் சாய்ந்து, "ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள், அம்மா" என்றார். அவர் திருத்தினார், பொத்தான் நீலமானது, எல்லோருக்கும் நிம்மதி. நமக்குத் தெரியாமல் போனவற்றைப் பாருங்கள்: அவர் தாமாக ஆண்டைக் கவனித்திருப்பாரா, முழுப் படிவத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருப்பாரா, செயலியை மூடிவிட்டுப் போயிருப்பாரா? எதுவும் தெரியாது. அடுத்த பணிகளிலும் நின்றபோதெல்லாம் அவர் திரையை விட்டுவிட்டு நடத்துபவரின் முகத்தைத்தான் பார்த்தார்.

ஆகவே சில விதிகள். தடுமாற்றம் தொடங்கியதும் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். முதல் நாள் அது ஒரு யுகமாகத் தோன்றும். பேச்சு நின்றுபோனால், "இப்போது மனதில் என்ன ஓடுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் அதை அழுத்தினீர்கள்?" என்று நடுவில் கேட்காதீர்கள், காரணம் கேட்டால் மனிதர்கள் காரணம் தயாரிப்பார்கள், அதன்பின் செய்வதெல்லாம் யோசித்துச் செய்வதாகிவிடும். "ஏன்" எல்லாவற்றையும் பணி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பிக் கொடுங்கள். "இதை அழுத்தினால் பணம் போய்விடுமா?" என்றால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தப் பொத்தானைப் பார்த்தால் பயம் வருகிறது என்பது பதிவாகிவிட்டது.

"சரி", "அருமை", "ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பதும் உதவிதான். சரியாகச் செய்யும்போது "அருமை" என்று சொன்னவர், தவறாகச் செய்யும்போது மௌனமானால், அந்த மௌனமே விடையைக் காட்டிக்கொடுக்கிறது.

எப்போது உதவலாம் என்பதை முன்பே தீர்மானியுங்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஒரே வழியை மூன்று முறை முயன்று தோற்றால், அல்லது "இதற்கு மேல் நான் விட்டுவிடுவேன்" என்று அவரே சொன்னால், அல்லது முகத்தில் வேதனை தெரிந்தால். உதவியபின் அந்தப் பணியை "உதவியுடன்" என்று குறியுங்கள், "முடித்தார்" என்று அல்ல. தனக்குத் தெரியவில்லையே என்று ஒருவரைக் கூனிக்குறுக வைத்து எடுக்கும் தரவு நமக்கு வேண்டாம்.

வாய்விட்டுப் பேச வைக்கும் அமர்வில் நேரத்தை அளக்காதீர்கள். பேச்சு வேகத்தை மாற்றிவிடும். நொடிக்கணக்கு வேண்டுமென்றால் அதற்கென்று தனிச் சோதனை வையுங்கள்.

8. குறிப்பெடுத்தல்

குறிப்பில் மூன்று பத்திகள் போதும்: நேரம், கண்டதும் கேட்டதும், என் ஊகம். மூன்றாவது பத்தி இருப்பதே இரண்டாவதைச் சுத்தமாக வைத்திருக்கத்தான்.

"மெனு குழப்பமாக இருக்கிறது" என்பது கண்டது அல்ல, தீர்ப்பு. இப்படி எழுதுங்கள்: "12.40: மெனுவைத் திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார். 'இங்கேதானே இருக்க வேண்டும்' என்றார். பிறகு தேடல் பெட்டிக்குப் போனார்." இரண்டு வாரம் கழித்து யாராவது சண்டைக்கு வந்தால் முதல் வாக்கியம் உங்களைக் காப்பாற்றாது, இரண்டாவது காப்பாற்றும்.

திட்டத்தில் உள்ள மற்றவர்களை வேறொரு அறையிலிருந்தோ திரைப்பகிர்விலோ பார்க்கச் சொல்லுங்கள். அதே அறையில் நான்கு பேரைச் சுற்றி உட்கார வைக்காதீர்கள். நிரல் எழுதியவர் ஒரே ஒரு அமர்வை நேரடியாகப் பார்த்தாலும் போதும், அறிக்கையில் பாதியை அவருக்கு விளக்க வேண்டியிருக்காது. பார்க்கும்போது தீர்வு பேசக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. தீர்வு பேசத் தொடங்கியவுடன் திரையைக் கவனிப்பது நின்றுவிடுகிறது.

9. முடிவில் கேட்பவை

"பிடித்திருக்கிறதா?" "பயன்படுத்துவீர்களா?" இரண்டும் வேண்டாம். நான்கு பணிகளில் மூன்றில் தோற்றவர் விடைபெறும்போது "ரொம்ப நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். அது மரியாதை, தரவு அல்ல. நடந்தவற்றையே கேளுங்கள்: "அந்தத் திரையில் சற்று நேரம் நின்றீர்களே, அப்போது எதைத் தேடினீர்கள்?"

மதிப்பெண் ஒன்று வேண்டுமென்றால் 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாள் இருக்கிறது. எஸ்.யு.எஸ். (System Usability Scale) என்று சொல்வார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (சற்றும் ஏற்கவில்லை) முதல் 5 (முழுக்க ஏற்கிறேன்) வரை விடை. ஒற்றைப்படை வாக்கியங்களில் விடையிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. அவற்றில் 5-இலிருந்து விடையைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். அது சதவீதம் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 68-ஐ ஒட்டியது.

தமிழில் பெயர்த்துக் கொடுக்கும்போது எதிர்மறை வாக்கியங்களில் கவனமாக இருங்கள். "சிக்கலாக இல்லை என்பதை ஏற்கவில்லை" என்ற அளவுக்கு முடிச்சு விழுந்தால், பாராட்ட வந்தவரும் தவறான முனையில் வட்டம் போடுவார். வாய்மொழியில் சொன்னதும் தாளில் போட்டதும் முரண்பட்டால், அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

10. அடுத்த ஆள் வருவதற்குள்

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே அரை மணி நேரம் விடுங்கள். நடத்தியவரும் குறிப்பெடுத்தவரும் உட்கார்ந்து, முதலில் பேசாமல், ஆளுக்கு மூன்று முக்கியக் கவனிப்புகளை எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். பேசிவிட்டு எழுதினால் குரல் பெரியவரின் கருத்துதான் இரண்டு தாளிலும் இருக்கும். ஒரு நாளுக்கு நான்கு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது.

11. பகுப்பாய்வு

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். மேலே ஆட்கள், பக்கவாட்டில் பணிகள். ஒவ்வொரு கட்டத்திலும்: தானாக முடித்தார், உதவியுடன், முடிக்கவில்லை, முடித்ததாக நினைத்தார். பிறகு குறைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: எந்தத் திரை, என்ன நடந்தது, யார் யாருக்கு. காரணம் ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

எதை முதலில் திருத்துவது என்பதை எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். எவ்வளவு பாதிப்பு, பழகினால் சரியாகிவிடுமா, ஒவ்வொரு முறையும் இடறுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் சோதனையில் ஒரே ஒருவர்தான் மருந்துச்சீட்டுப் படத்தை அழித்துவிட்டார். "பகிர்" பொத்தானுக்குப் பக்கத்திலேயே "அழி" இருந்தது, உறுதி கேட்கவும் இல்லை. திரும்பப் பெற வழியும் இல்லை. நான்கு பேர் சிரமப்பட்ட ஓர் எழுத்தளவுக் குறைக்கு முன்னால் அதைத்தான் வைத்தோம்.

எண்களைச் சொல்லும்போது நாக்கு நீளக் கூடாது. ஐந்து பேரில் நான்கு பேர் முடித்தால் "80% பேர் முடிக்கிறார்கள்" என்று எழுத ஆசையாக இருக்கும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், 95% நம்பிக்கை அளவில் (இப்படி நூறு முறை கணக்கிட்டால் சுமார் 95 முறை சரியாக வரும் அளவில்), உண்மையான விகிதம் தோராயமாக 36%-இலிருந்து 98% வரை எங்கும் இருக்கலாம். "ஐந்து பேரில் நால்வர்" என்றே எழுதுங்கள்.

12. அறிக்கை

ஒரு பக்கம். மேலே 1-ஆம் படியில் எழுதிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும். அடுத்து, முதலில் திருத்த வேண்டிய மூன்று குறைகள். மற்றவை இணைப்பில் இருக்கட்டும். நாற்பது குறைகளை ஒரே பட்டியலாகக் கொடுத்தால், எளிதாகத் திருத்தக்கூடிய பன்னிரண்டைத் திருத்திவிட்டு "பெரும்பாலானவை முடிந்தன" என்பார்கள்.

ஒவ்வொரு குறையோடும் அரை நிமிடக் காணொளித் துண்டு ஒன்றை வையுங்கள், அதற்கு ஒப்புதல் வாங்கியிருந்தால். விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்திய காட்சியைப் பார்த்தபின் அந்தப் பொத்தானைப் பற்றி யாரும் வாதாடவில்லை. எது நன்றாக வேலை செய்தது என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் திருத்துகிற வேகத்தில் நன்றாக இருந்ததையும் மாற்றிவிடுவார்கள்.

13. திருத்தியபின் மறுபடி

திருத்தம் சரியா என்று பார்க்க அதே பணிகள், புதிய ஆட்கள். பழைய ஆட்களுக்கு வழி தெரிந்துவிட்டது. பத்துப் பேரை ஒரே மூச்சில் அழைப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், இன்னும் ஐந்து பேர் என்று பிரிப்பதே எனக்குப் பிடித்த முறை. முதல் பெரிய தடை நகர்ந்தால்தான் அதற்குப் பின்னால் நிற்கும் தடை கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பிறந்த தேதிப் படிவத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது. "ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்" என்ற செய்தியைப் பெட்டிக்குக் கீழே சேர்த்தோம். இரண்டாம் சுற்றில் முதல் மூன்று பேரும் அதே இடத்தில் நின்றார்கள். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தேதியை எழுதும்போது தொலைபேசியின் விசைப்பலகை மேலெழும்பி, அந்தச் செய்தியை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் மேசைக் கணினியில் விசைப்பலகை திரைக்குள் வருவதில்லையே. அன்று மாலையே செய்தியைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோனோம். நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி வைத்து, ஆண்டுப் பெட்டியை நான்கு இலக்கம் கொள்ளும் அகலத்துக்கு நீட்டினோம். மீதி இருவரும் அந்தத் திரையில் நிற்கவே இல்லை. அவர்கள் நின்றது அடுத்த திரையில்.